புதுப்பிப்பு: பசங்களோடு தடை ஓட்டம் போய்விட்டு வந்தாச்சு

பசங்களைக் கூட்டிக்கொண்டு தடை ஓட்டத்துக்கு (சேறு, கயிறு, வலை என்று வழியில் வரும் தடைகளைக் கடந்து ஓடும் போட்டி) போகலாமா, என்ன ஷூ போடுவது என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. தாராளமாகப் போகலாம். சனிக்கிழமை சிறுவர்களுக்கு, ஞாயிறு பெரியவர்களுக்கு. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய இடம். பாறை, செம்மண், நடுவில் டேங்கர் தண்ணீர் விட்டுக் கலக்கிய சேற்றுப் பள்ளம். சின்னவள் அதை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

பருத்தி டி-ஷர்ட் வேண்டாம் என்று ஒருவர் சொன்னது ரொம்பச் சரி, சேற்றில் இறங்கி எழுந்ததும் அது ஈரச் சாக்கு மாதிரி கனக்கிறது. கயிறு ஏற கை பலத்தைவிட கால்தான் முக்கியம்: ஒரு பாதத்துக்கு அடியில் கயிற்றைக் கொண்டுவந்து மறு பாதத்தால் அதை அழுத்தி மிதித்துக்கொண்டால் எடை முழுக்க காலுக்குப் போய்விடும், என் மனைவி அப்படித்தான் ஏறி உச்சியில் இருந்த மணியை அடித்தாள், நான் பாதியில் சறுக்கி இறங்கினேன். ஏற முடியாதவர்களுக்குத் தண்டனையாக பர்ப்பி (குனிந்து கையூன்றி, காலைப் பின்னால் நீட்டி, திரும்ப எழுந்து குதிக்கும் பயிற்சி). பல நாடுகளில் நடக்கும் ஸ்பார்ட்டன் ரேஸ் என்ற தடை ஓட்டத்தில் பல வருடம் 30 பர்ப்பி கேட்டார்கள், இங்கே பத்தோடு விட்டார்கள், நல்ல மனுஷங்க!

ஷூ விஷயம்: அடிப்பாகம் பற்களோடு, தண்ணீர் சீக்கிரம் வடிகிற வலைத் துணி ஷூ போதும். லேஸை இரட்டை முடிச்சு போடுங்கள். அப்புறம், வலைக்கு அடியில் ஊர்ந்து போக முழங்காலை மூடுகிற பேன்ட் கட்டாயம்.