பதினைந்து வயதில் ஜூலியஸ் சீசர்: ரசிக்க முடியுமா, முடியாதா?

மாடித்தோட்டம்
என் மகள் ஒன்பதாம் வகுப்பு, ஐசிஎஸ்இ. அந்தப் பாடத்திட்டத்தில் ஜூலியஸ் சீசர், வெனிஸ் வணிகன் மாதிரியான ஷேக்ஸ்பியர் நாடகங்களை முழுசாகவே வைக்கிறார்கள். இவளுக்கு வாய்த்தது சீசர். மூலப் புத்தகம் அலமாரியில் தூங்குகிறது, கையில் இருப்பது நோட்ஸ். இடது பக்கம் ஷேக்ஸ்பியர், வலது பக்கம் இன்றைய ஆங்கிலம். வலது பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறாள்.

1599 வாக்கில் லண்டன் ஜனங்களுக்காக எழுதிய மொழி அது. இன்றைக்கு இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கே உரை இல்லாமல் புரியாது. நம் பிள்ளைகள் எங்கே ரசிப்பது? விருப்பப்பட்டவர்கள் கல்லூரியில் படிக்கட்டும். இந்த வயதில் திணித்தால் நாடகம் என்றாலே காத தூரம் ஓடுவார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

குறுக்குத்துறை
அம்மா, நான் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு மாற்றுக் கருத்துதான். வலது பக்கத்தை மட்டும் படித்த பிள்ளை நாடகத்தை இன்னும் தொடவே இல்லை. தொடாத ஒன்று பிடிக்காது என்று எப்படி முடிவு கட்டுவது?

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுங்கள். சீசரைக் கொன்றாயிற்று. முதலில், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் பேசுகிறான், உரைநடையில், காரண காரியத்தோடு. கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அடுத்து சீசரின் நண்பன் ஆண்டனி வருகிறான், செய்யுளில் பேசுகிறான். கொன்றவர்களைக் கண்ணியமானவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அந்தச் சொல்லில் இருந்த மரியாதை தேய்ந்து, கடைசியில் வசவாகவே ஆகிவிடுகிறது. சீசரின் உயிலைக் காட்டுகிறான், ஆனால் படிக்க மாட்டேன் என்கிறான். "படி, படி" என்று கூட்டம் கத்துகிறது. மேடையை விட்டு இறங்கி, எல்லாரையும் பிணத்தைச் சுற்றி நிற்க வைக்கிறான். அங்கியில் இருக்கும் கிழிசல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது காசியஸ் குத்தியது, இது காஸ்கா குத்தியது, இது புரூட்டஸ் குத்தியது என்கிறான்.

அந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இவனுக்கு எப்படித் தெரியும்? முந்தைய காட்சியில், முதல் குத்து விழுவதற்கு முன்பே, சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் ஆண்டனியை நைசாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். ஆண்டனி எதையும் பார்க்கவில்லை! பிள்ளைகள் பக்கத்தைப் பின்னால் புரட்டிச் சரிபார்ப்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து, "சார், அடிச்சு விடுறான் சார்!" என்று ஒரு குரல் வரும். அப்புறம் மணி அடித்தாலும் விட மாட்டார்கள். மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. ஆண்டனியின் சாமர்த்தியத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இயற்பியல்காரன்
ஐயா, படிக்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் இது உங்கள் திறமை. எல்லாப் பள்ளியிலும் உங்களைப் போல் ஒருவர் இருப்பாரா? பெரும்பாலான இடங்களில் ஒரு பத்தியைக் கொடுத்து, யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சூழலில் என்று கேட்பதோடு சரி.

இன்னொன்று. ரசிக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? முக்கோணவியலை ரசித்தாயா என்று எந்தப் பிள்ளையிடமாவது கேட்கிறோமா? கடினமான மொழியைப் பிரித்துப் பொருள் காண்பது ஒரு பயிற்சி. அந்த அளவில் வைத்துக்கொண்டால் போதும். ரசித்தே ஆக வேண்டும் என்றால், ரசிக்க முடியாத பிள்ளை தனக்கு ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது. அதை என் மாணவர்களிடம் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

பாவூர்ச் செல்வன்
அண்ணா, முக்கோணவியல் யாரையும் அழவைக்க எழுதியதில்லையே. நாடகம் அதற்கென்றே எழுதியது.

நான் கல்லூரி முதலாண்டு, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன். எங்களுக்கு மனோன்மணீயம் என்றால் என்ன தெரியுமா? ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, வெளியான ஆண்டு 1891, லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி'யைத் தழுவியது, ஐந்து அங்கம், இருபது களம், தமிழ்த்தாய் வாழ்த்து இதிலிருந்து எடுத்தது. எல்லாம் ஒரு மதிப்பெண் வினாவுக்காக. கதை என்ன என்று கடைசி வரை தெரியாது.

விடுமுறையில் நூலகத்தில் எடுத்து முழுசாகப் படித்தேன். குடிலன் என்று ஒரு மந்திரி வருகிறான் பாருங்கள்! மதுரையில் இருந்த பாண்டியன் ஜீவகனைப் பேசிப் பேசியே நெல்லைக்கு இடம்பெயர்த்துவிடுகிறான். இளவரசிக்குச் சேர மன்னனைப் பேசி முடிக்க ஒரு தூது போக வேண்டும். அதற்குத் தன் மகன் பலதேவனை அனுப்பி, கல்யாணப் பேச்சைப் போராக மாற்றிவிடுகிறான். இத்தனையும் செய்துகொண்டே ராஜாவிடம் விசுவாசம் பொழிகிறான், அவரும் நம்புகிறார். "யோவ், நம்பாதய்யா" என்று கத்தலாம் போல இருந்தது. சுந்தர முனிவர் ரகசியமாக அமைத்த சுரங்கம் இவன் கண்ணில் படும் இடத்தில் எனக்குப் பதறிவிட்டது. நாடகத்தின் அகவல் செய்யுள் நடை முதலில் ஓடவில்லை என்பது உண்மை. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும் பிடிபட்டது.

மாடித்தோட்டம்
தம்பி, நீங்கள் விடுமுறையில், யாரும் சொல்லாமல், உங்கள் ஆசைக்குப் படித்தீர்கள். பரீட்சை இல்லாதபோதுதான் பிடித்திருக்கிறது. நான் சொல்வதும் அதைத்தானே?

பாவூர்ச் செல்வன்
இல்லை அக்கா. பாடத்தில் அந்தப் பெயர் வந்திருக்காவிட்டால் அப்படி ஒரு புத்தகம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் யார் வாங்கி வைத்திருக்கப் போகிறார்கள்? வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி இருக்கும். எங்களுக்கு வகுப்பறை ஒன்றுதான்.

லண்டன் வடலி
இங்கே பதினாறு வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுச் சோதனையின் ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை முழுமையாகப் படிக்கத்தான் வேணும். சோதனைக்குப் புத்தகம் கொண்டுபோக ஏலாது. அதனால் என் மகன் மக்பெத் வசனங்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

பிறகு மேடையில் பார்க்கக் கூட்டிப் போனேன். விருந்துக் காட்சியில் மக்பெத்தின் கண்ணுக்கு மட்டும், அவன் ஆள்வைத்துக் கொன்ற நண்பன் பாங்க்வோவின் ஆவி தெரியும். ஆவியாக ஒரு நடிகரை இருத்தவும் செய்யலாம், வெறும் கதிரையைப் பார்த்து மக்பெத்தை அலறவிடவும் செய்யலாம். எது நல்லது என்று ரயிலில் வீடு வரும் மட்டும் என்னோடு வாதாடினான். வெறும் கதிரைதான் பயங்கரம் என்பது அவன் கட்சி. எழுத்தில் செத்துக் கிடந்தது மேடையில் உயிர்த்தது என்றுதான் சொல்லுவன். பார்க்க வழியில்லை என்றால் பிள்ளையளை வாசிக்கச் சொல்லி வதைக்க வேண்டாம்.

இயற்பியல்காரன்
லண்டனில் பார்க்க அரங்கு இருக்கிறது. எங்கள் தாலுகாவில் சீசர் எங்கே நடக்கிறது?

குறுக்குத்துறை
நம் ஊருக்கு மேடை புதிதா, தம்பி? ஹாம்லெட்டை அமலாதித்தன் என்றும், வெனிஸ் வணிகனை வாணிபுர வணிகன் என்றும் பம்மல் சம்பந்த முதலியார் தமிழில் ஆக்கித் தந்திருக்கிறார். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவில் ராஜா, ராணி எல்லாமே சிறுவர்கள்தான். பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகர் டி.கே. சண்முகம் அங்கே சேர்ந்தபோது வயது ஆறு. பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் அவர்கள் நெஞ்சில் வைத்திருந்தார்கள். பதினைந்து வயதுக்கு இது தாங்காது என்று நாம் சொல்வது நியாயமே இல்லை.

இயற்பியல்காரன்
அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டு வறுமையால் நாடகக் கம்பெனிக்கு வந்தவர்கள். வசனம் தப்பினால் அடி விழுந்த காலம். மனப்பாடம் செய்தார்கள் என்பது சரி, ரசித்தார்கள் என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்காதீர்கள். ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

என் யோசனை இதுதான். முழு நாடகம் வேண்டாம். நீங்கள் சொன்ன ஆண்டனி காட்சியோடு இன்னும் ஒன்றிரண்டை மட்டும் வையுங்கள். வகுப்பிலேயே நடித்துப் பார்க்கட்டும், அதற்கு மதிப்பெண் கொடுங்கள். மீதியைக் கதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மாடித்தோட்டம்
இதற்கு நான் சம்மதம். நடிப்புக்கு மதிப்பெண் என்றால் என் மகளே முதல் ஆளாக நிற்பாள்.

குறுக்குத்துறை
நடிப்புக்கு மதிப்பெண், இரண்டு கையையும் தூக்குகிறேன். வெட்டுவதில்தான் எனக்குச் சண்டை. முந்தைய காட்சியைச் சுருக்கமாக்கினால் ஆண்டனி அங்கே இல்லை என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொய்யை அவர்களாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடுமே. மனோன்மணீயத்தை நாலு துணுக்காக வைத்ததால்தான் செல்வனுக்குக் குடிலன் யாரென்றே வகுப்பில் தெரியாமல் போயிற்று.

இயற்பியல்காரன்
சரி, மூன்றாம் அங்கம் முழுசாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு? போர்க்களம், ஒருவர் பின் ஒருவராகச் சாவு. அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

குறுக்குத்துறை
போர்க்களத்துக்கு முன்னால் கூடாரத்தில் ஒரு சண்டை நடக்கிறது. புரூட்டஸும் காசியஸும் ஒன்றாகக் கொலை செய்த நண்பர்கள். நான் கேட்ட பணத்தை நீ தரவில்லை, நீ லஞ்சம் வாங்குகிறாய் என்று ஆரம்பித்து, உனக்கு என் மேல் பிரியமே இல்லை என்பது வரை போகிறது. காசியஸ் நெஞ்சைத் திறந்து காட்டி, கத்தியை நீட்டி, குத்து என்கிறான். சமாதானமான பிறகுதான், தன் மனைவி போர்ஷியா இறந்துபோன சேதியைப் புரூட்டஸ் சொல்கிறான். அவ்வளவு நேரமும் அதை மனசில் வைத்துக்கொண்டா சண்டை போட்டான் என்று காசியஸ் ஆடிப்போகிறான். உயிர்த் தோழியோடு பேச்சை முறித்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், தம்பி. ஐந்தாம் அங்கத்தை வேண்டுமானால் வேகமாக ஓட்டிவிடுங்கள். நாலாவதில் கை வைக்க நான் விட மாட்டேன்.