விவாகரத்துக்குப் பிறகு யார் நின்றார்கள், யார் விலகினார்கள்? உங்கள் அனுபவம்

கோவை, ஒரு பெண் குழந்தையின் அம்மா:

எங்களுடையது மியூச்சுவல், அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்ட விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போட்டால் ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் கோர்ட் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் விஷயத்தில் தளர்த்தவில்லை. என் நட்பு வட்டம் கலைந்தது அந்த இடைவெளியில்தான். சண்டை, வாக்குவாதம் எதுவும் கிடையாது. அபார்ட்மென்டில் நாலு குடும்பம் சேர்ந்து லீவுக்கு வால்பாறை, ஏற்காடு என்று போவோம். அந்த வருஷமும் போனார்கள். நான் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னை விட்டது கூடப் பரவாயில்லை. "நம்மள மட்டும் ஏம்மா கூப்பிடல?" என்று கேட்ட மகளுக்கு என்ன சொல்வது? அவளுடைய தோழிகள் அந்த வண்டியில்தான் போயிருந்தார்கள். பெரியவர்கள் விலகும்போது பிள்ளைகளின் சிநேகிதத்தையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள். இதை யாரும் யோசிப்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியிலிருந்து கூடவே இருந்த தோழிக்கு வளைகாப்பு. அவளேதான் போன் பண்ணிக் கூப்பிட்டாள். சந்தனம், குங்குமம் வைத்து ஒவ்வொருத்தராக வளையல் போட்டார்கள். தட்டு எனக்கு முன்னால் இருந்த அக்கா கையிலிருந்து என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனது. "நீ அப்புறம் போடலாம்மா" என்றார் அவள் மாமியார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வளர்ந்த விதம் அப்படி. என் தோழி மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மதுரை:

வளைகாப்புன்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு அக்கா. எனக்கு வேற மாதிரி. அவங்கவங்க வீட்டுக்காரர் வீட்ல இருக்கும்போது மட்டும் என் பிரெண்ட்ஸ் என்னை வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. பகல்ல, அவர் ஆபீஸ் போன பிறகு வான்னு சொல்வாங்க. நானும் பகல்ல வேலைக்குத்தானே போறேன்? போக்குவரத்து தானா நின்னுபோச்சு.

திருச்சி, இரண்டு பையன்களின் அம்மா:

எனக்குப் பக்கபலமா நின்னது நான் எதிர்பார்க்காத ஆள். ஸ்கூல் கேட்ல பார்த்தா சிரிச்சிட்டுப் போற பழக்கம், அவ்வளவுதான். பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும், அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறார்னு அவகிட்ட ஒருநாள் புலம்பினேன். அன்னிக்கு ராத்திரியே ரூல்ஸ் தேடிப் படிச்சிட்டு போன் பண்ணினா. பெற்றோர்ல ஒருத்தர் பேர் இருந்தாலே போதும்னு 2016 டிசம்பர்லயே மாத்திட்டாங்களாம். அவர் சம்மதிக்காததுக்கான உறுதிமொழிப் படிவத்தை நாமளே எழுதிக் கொடுக்கலாமாம். சொன்னதோட விடல, லீவு போட்டுக் கூடவே வந்தா. வாடகைக்கு வீடு பார்க்கப் போனப்பவும் அவதான் துணை. "சார் எங்க வேலை பார்க்கிறார்?"னு ஓனர் கேட்டதுக்கு, "வாடகை கொடுக்கப்போறது இவங்க, இவங்க வேலையைக் கேளுங்க"ன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பதில் சொல்லிட்டா.

"ஐயோ பாவம்"னு அவ ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. ஞாயிற்றுக்கிழமை பசங்க அவங்க அப்பாகிட்ட போயிடுவாங்க, வீடு வெறிச்சோடிக் கிடக்கும். அன்னிக்கு மட்டும் "மீன் வாங்கியிருக்கேன், வந்து குழம்பு வை"ன்னு எனக்கு வேலை வைப்பா. போன மாசம் அவளுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற வரைக்கும் அவ பிள்ளைங்க எங்க வீட்லதான் இருந்தாங்க.

கோவை அக்கா, உங்க பொண்ணை லீவுக்கு இங்க அனுப்புங்க. என் பசங்க இருக்காங்க, காவிரியில தண்ணி போகுது. நீங்களும் வாங்க.