40 கார்டா, 43 கார்டா? டெக்கின் அளவை எப்படி முடிவு செய்வது?

நீலப்பொன்மான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். யூ-கி-ஓ கார்டு விளையாட்டின் விதிப்படி மெயின் டெக்கில் (ஆட்டத்துக்குக் கொண்டுவரும் முதன்மைக் கார்டுக் கட்டில்) குறைந்தது 40, அதிகபட்சம் 60 கார்டுகள் இருக்கலாம். என் டெக் 43-இல் நிற்கிறது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டர்கள் 12 உள்ளன. 40-ஐத் தாண்டிய மூன்றில் இரண்டு, எதிராளியின் முறையிலேயே கையிலிருந்து பயன்படுத்தக்கூடிய ஹேண்ட் டிராப்கள். மற்றொன்று, காம்போவின் (ஒன்றையடுத்து ஒன்றாக இயங்கும் கார்டுத் தொடரின்) நடுவே டெக்கிலிருந்து வரவழைப்பதற்காக மட்டும் வைத்திருக்கும் ஒற்றைக் கார்டு. அது முதலிலேயே கைக்கு வந்துவிட்டால் எதற்கும் உதவாது. 40-க்கு மேல் ஒரு கார்டுகூடக் கூடாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் 60 கார்டுகளோடு வெல்பவர்களையும் பார்க்கிறேன். மூன்று கார்டுகளால் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை:

வித்தியாசம் உண்டு, ஆனால் பலர் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. தொடக்கத்தில் ஐந்து கார்டுகளை எடுக்கிறோம். 40 கார்டு டெக்கில் 12 ஸ்டார்ட்டர்கள் இருந்தால், அந்த ஐந்தில் ஒன்றாவது ஸ்டார்ட்டராக இருப்பதற்கான வாய்ப்பு 85.1 சதவீதம். அதே 12-ஐ 43-இல் வைத்தால் 82.3 ஆகிறது. அதாவது நூறு ஆட்டங்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆட்டங்களில் கூடுதலாக வெறுங்கையோடு உட்காருவீர்கள். 60-இல் வைத்தால் 68.6-க்குச் சரிந்துவிடும், அதைத்தான் உண்மையான சரிவு என்பேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சரிவுக்குக் காரணம் டெக்கின் அளவு மட்டுமல்ல, சேர்த்த கார்டுகளில் ஒன்றுகூட ஸ்டார்ட்டராக இல்லாததும்தான். 60 கார்டுகளில் 18 ஸ்டார்ட்டர்கள் இருந்தால் வாய்ப்பு 84.4 சதவீதம், 40-இல் 12 வைத்ததற்கு ஏறக்குறைய சமம். ஆனால் ஒரே கார்டை மூன்று பிரதிகளுக்கு மேல் வைக்க விதி இடம் தருவதில்லை என்பதால், அந்த 18-ஐ நிரப்ப இரண்டாம் தரக் கார்டுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். உங்கள் டெக்கில் மிகச் சிறந்த கார்டு எதுவோ, அதன் மூன்று பிரதிகளில் ஒன்றாவது முதல் கையில் வரும் வாய்ப்பு 40-இல் 33.8 சதவீதம், 43-இல் 31.6, 60-இல் 23.3. நான்காவது பிரதியை வைத்து இந்த இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: "நான் சேர்க்கும் 41-ஆவது கார்டே ஒரு ஸ்டார்ட்டர்தானே?" என்பார்கள். 41-இல் 13 ஸ்டார்ட்டர்கள் என்றால் 86.9 சதவீதம், 40-இல் 12 வைத்ததைவிட நல்லதுதான். ஆனால் ஸ்டார்ட்டர் அல்லாத ஒன்றை எடுத்துவிட்டு அதே 13-ஐ 40-க்குள் அடக்கினால் 87.7 கிடைக்கும். ஆகவே எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதைவிட, டெக்கில் மிகவும் பலவீனமான கார்டு எது என்று தேடுவதே பயன் தரும்.

மூன்றாம்பிறை:

மேலே உள்ள கணக்கு சரியே, ஆயினும் அது ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. கைக்கு வரக்கூடாத கார்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். கேள்வி கேட்டவர் சொன்ன அந்த ஒற்றைக் கார்டு, அதாவது நாம் பிரிக் என்று சொல்வது, முதல் ஐந்தில் வந்து சேரும் வாய்ப்பு 40-இல் 12.5 சதவீதம், 60-இல் 8.3. இத்தகைய கார்டுகள் நான்கைந்து கட்டாயம் தேவைப்படும் டெக்குகளுக்குப் பெரிய அளவு ஒரு பாதுகாப்பு. அதோடு, 'தட் கிராஸ் லுக்ஸ் கிரீனர்' போன்ற கார்டுகள் டெக்கின் பருமனையே ஆயுதமாக்குகின்றன. எதிராளியின் டெக்கில் மிஞ்சியிருக்கும் எண்ணிக்கைக்கு உங்கள் டெக் இறங்கும்வரை மேலிருந்து கார்டுகளைக் கல்லறைக்கு (பயன்படுத்திய கார்டுகள் சேரும் குவியலுக்கு) அனுப்பும் கார்டு அது. நீங்கள் 60, அவர் 40 என்றால், ஆட்டத் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 கார்டுகள் ஒரே வீச்சில் இறங்கும். கல்லறையிலிருந்து இயங்கும் டெக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இத்தகைய காரணம் இருந்தால் 60-க்குப் போகலாம். 43 என்பதோ பெரும்பாலும் எதை நீக்குவது என்று மனம் வராததன் அடையாளம்.

ஆழிமணல்:

நான் மேஜிக்: தி கேதரிங் என்ற வேறொரு கார்டு விளையாட்டை ஆடுபவன். அங்கே டெக்குக்குக் குறைந்தபட்சம் 60 கார்டுகள், உச்ச வரம்பு கிடையாது. 60-இல் 24 லேண்டுகள் (மற்ற கார்டுகளை ஆடத் தேவையான சக்தியைத் தரும் கார்டுகள்) என்றால் 40 சதவீதம். 61-இல் 24 என்றால் 39.3, 25 என்றால் 41. இந்த நுணுக்கத்தைக் காட்டியே 61-ஆவது கார்டை நியாயப்படுத்துவோர் உண்டு. எனக்கு அது சாக்காகத்தான் படுகிறது. 80 கார்டுகளை மதிக்கத்தக்கதாக மாற்றியது 2020-இல் வந்த யோரியன் என்ற கார்டு. குறைந்தபட்சத்தைவிட 20 கார்டுகள் கூடுதலாக வைத்தால், அதை டெக்குக்கு வெளியே துணையாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் பயன்படுத்தலாம். அந்த உறுதி, டெக் நீர்த்துப்போவதற்கு ஈடாகவும் அதற்கு மேலாகவும் அமைந்தது. 2022 அக்டோபரில் மாடர்ன் என்ற போட்டி வடிவத்தில் அதைத் தடை செய்தார்கள். போக்கிமான் ஆடுவோருக்கு இந்தத் தலைவலியே இல்லை: சரியாக 60, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நீலப்பொன்மான்:

விரிவான பதில்களுக்கு நன்றி. என் டெக் கல்லறையைச் சார்ந்ததன்று. எனவே 60-க்குப் போக எனக்குக் காரணமில்லை. ஆனால் பலவீனமான கார்டு எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழலில் கைகொடுத்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

கைகொடுத்த ஆட்டங்கள்தாம் மனத்தில் நிற்கும். கையிலேயே முடங்கிக் கிடந்த ஆட்டங்கள் மறந்துவிடும். ஆகவே டெக்கைக் கலைத்து ஐந்து கார்டுகளை எடுங்கள், "இந்த ஐந்தில் எதை வேறொன்றாக மாற்றிக்கொள்ள விரும்புவேன்?" என்று கேட்டு, அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆடுவதாக எண்ணி ஒரு முறையும், இரண்டாவதாக ஆடுவதாக எண்ணி ஒரு முறையும் ஒவ்வொரு கையையும் மதிப்பிடுங்கள். ஹேண்ட் டிராப்களின் மதிப்பு இவ்விரண்டுக்கும் இடையே வெகுவாக மாறும். சில பத்துக் கைகளுக்குப் பின் திரும்பத் திரும்ப எழுதிய பெயர்கள் தாமே தெரியும். அந்த ஒற்றைக் கார்டு காம்போவுக்கு இன்றியமையாதது என்றால் இருக்கட்டும். ஹேண்ட் டிராப்கள் இரண்டும் சில வகை எதிராளிகளுக்கு எதிராக மட்டுமே உதவுகின்றன என்றால், 15 கார்டுகள் கொள்ளும் சைடு டெக்குக்கு (ஒரு போட்டியின் ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் தனிக் கட்டுக்கு) அவற்றை மாற்றுங்கள். அப்போது 41, மீதமுள்ள ஒன்றை உங்கள் குறிப்பைப் பார்த்து நீக்கலாம்.