சி மொழியில் பாயிண்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) ஒன்றுக்கு ஒரு ஸ்டார், பாயிண்டரின் பாயிண்டருக்கு இரண்டு. மூன்று ஸ்டார் வரை போனவர்கள் உண்டா? எங்கே உடைந்தது?

செக்ஃபால்ட்:
எனக்கு ரியல்லாக்கில், அதாவது ஒதுக்கிய மெமரியின் அளவை மாற்றும் ஃபங்ஷனில். பஃபரின் (டேட்டா வைக்கும் மெமரித் துண்டு) பாயிண்டரை ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன், அது உள்ளே ரியல்லாக் போட்டுப் பெரிதாக்கியது. சின்ன ஃபைலுக்கு ஒழுங்காக ஓடும், பெரிய ஃபைல் வந்தால் செக் ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் செத்துவிடும். பஃபர் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது, என் பாயிண்டர் மட்டும் பழைய வீட்டு வாசலிலேயே நின்றது. சீனியர் எட்டிப் பார்த்து, "இன்னொரு ஸ்டார் போடுப்பா" என்றார். ஓடியது. அடுத்த வாரம் அந்த மாதிரி பஃபர்களின் பட்டியலையே இன்னொரு ஃபங்ஷன் வளர்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஸ்டார். ரிவ்யூவில் அவரே எழுதினார்: "த்ரீ ஸ்டார் புரோகிராமர்! ஹோட்டல் எப்போது திறப்பு?" அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பழையபோர்டு:
மூன்று எதற்கு, ஒன்றே போதும். 'இன்ட் ஸ்டார் ஏ, பி' என்று ஒரே வரியில் எழுதினேன். ஸ்டார் ஏ-க்கு மட்டும்தான், பி வெறும் இன்ட் (முழு எண்). அதில் முகவரியைப் போட்டு ஃபங்ஷனுக்கும் அனுப்பினேன். கம்பைலர் வார்னிங் கொடுத்தது, யார் பார்த்தார்கள்? 32 பிட்டில் பல மாதம் ஓடியது. 64 பிட்டுக்குப் போனதும் முகவரி பெரிதானது, இன்ட் பழைய அளவுதான்; முகவரியில் மேல்பாதி காணோம்.

ஸ்ட்ரக்ட்போடுங்க:
செக்ஃபால்ட், உங்கள் சீனியர் சொன்னதுதான் தப்பு. பஃபர், நீளம், கொள்ளளவு மூன்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் (பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) வைத்து அதன் பாயிண்டரை அனுப்பியிருந்தால் ஒரே ஸ்டாரில் முடிந்திருக்கும். அப்புறம், ரியல்லாக் தருவதை நேராக அதே பாயிண்டரில் வாங்காதீர்கள். மெமரி இல்லாவிட்டால் NULL (வெற்று முகவரி) வரும், பழைய முகவரியும் கையை விட்டுப் போகும். டிக்ளரேஷன் குழப்பினால் பெயரிலிருந்து தொடங்கிப் படியுங்கள். பேப்பரில் பெட்டி போட்டு அம்புக்குறி வரையுங்கள், வெட்கப்பட வேண்டாம். என் கதையா? இருபரிமாண அரேயை டபுள் ஸ்டாருக்கு (பாயிண்டரின் பாயிண்டர்) காஸ்ட் பண்ணினேன், வலுக்கட்டாயமாக வகை மாற்றினேன். வெடித்தது.

ஹெட்கேஸ்:
டபுள் ஸ்டாரை இப்படி ஒதுக்காதீர்கள். லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு நோடும் அடுத்த நோடின் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி) ஒரு நோடை நீக்க, முந்தைய நோடைத் தனியே பிடித்துக்கொண்டு "இது ஹெட்டா (முதல் நோடா)?" என்று இஃப் போடுகிறவர்களுக்குப் பாயிண்டர் புரியவில்லை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2012ல் சொல்லியிருக்கிறார். நோடைக் காட்டும் பாயிண்டரின் முகவரியைப் பிடித்தால் அந்த இஃப் தேவையே இல்லை. அதைப் படித்த சூட்டில் ஒரு இன்டர்வியூவில் அப்படியே எழுதினேன். எதிரே இருந்தவர், "ஹெட் கேஸ் எங்கே?" என்றார். படம் வரைந்து விளக்கினேன். தலையாட்டிவிட்டு மறுபடியும், "சரி, ஹெட் கேஸ் எங்கே?"

வேலை கிடைக்கவில்லை. அந்த நாலு வரி சரியானதுதான், இன்றைக்கும் சொல்வேன்.