புதுப்பிப்பு: ஓசூர் ஜூனிபர் போன்சாய், உள்பக்கம் பழுத்த விவகாரம்

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் என் ஜூனிபர் (சைப்ரஸ் இன மரம்), கத்தரித்து, வடிவத்துக்காகக் கம்பி கட்டியபின் உள்பக்க இலையெல்லாம் பழுக்கிறது, தண்ணீர் போதவில்லையா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மரம் பிழைத்துவிட்டது.

தண்ணீர் காரணமில்லை. வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டச் சொன்னவர் சொன்னதுதான் சரி. மிளகுத்தூள் மாதிரி விழுந்தது, கொஞ்ச நேரத்தில் ஊர்ந்தது. விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு. சிலந்திப்பேன், இலைச்சாறு உறிஞ்சும் குட்டி உயிரி! ஓசூர் குளிர்ந்த ஊர்தானே என்று இருந்துவிட்டேன். பங்குனி வறட்சி அதற்குக் கொண்டாட்டம்.

3 நாளுக்கொருமுறை காலையில் ஓஸ் பைப்பால் இலைக்கு அடியில் வேகமாகத் தண்ணீர் அடித்தேன். மூன்றாவது வாரம் தாள் சுத்தம். மருந்து வாங்கவில்லை. பழுத்த இலை மறுபடி பச்சையாகாது, வெட்டிவிட்டேன்.

எதிர்பாராதது: செதில் இலை மரத்தில் இப்போது முள் இலை வருகிறது. நோயில்லை, ஒரேயடியாக வெட்டினால் ஜூனிபர் இளம்பருவ இலைக்குப் போகும். நுனி கிள்ளாமல் விட்டிருக்கிறேன், மெல்லச் செதில் இலைக்கே திரும்பும்.

பச்சையே மிச்சம் வைக்காமல் மொட்டையடித்த கிளை மட்டும் போயே போச்சு. வெறும் கட்டையில் ஜூனிபர் துளிர்க்காது. பட்டையை உரித்து ‘ஜின்’ ஆக்கியிருக்கிறேன், அதாவது செத்த கிளையை அழகுக்காக அப்படியே விடுவது. “செத்த குச்சிய எதுக்கு வெச்சிருக்கே?” என்கிறார் அம்மா. தொட்டி மாற்றுவது அடுத்த வருஷம்தான்.