வெள்ளையாக வரவேண்டிய சோப்பு பாசி நிறத்தில் வந்தது – ஆலிவ் எண்ணெய் மாற்றி மாட்டியவர்கள் சொல்லுங்கள்

பரண்மேல்_சோப்பு

இரண்டு வருடம் ஆகியும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். அக்கா மகள் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் போட 60 சோப்பு கேட்டார்கள், வெள்ளையாக. எப்போதும் போடுகிற கணக்குதான், கிலோவுக்கு ஆலிவ் 700 கிராம், தேங்காய் 300. மாற்றியது ஒரே ஒன்று. வழக்கமாக வாங்கும் வெளிர் மஞ்சள் 'லைட்' ஆலிவ் எண்ணெய் கடையில் இல்லை, நம் வீட்டு விசேஷம்தானே என்று சுத்திகரிக்காத உயர்ரக எக்ஸ்ட்ரா வெர்ஜினே வாங்கிவிட்டேன். ட்ரேஸ் வரும்போதே, அதாவது கெட்டிப்பட ஆரம்பிக்கும்போதே, கலவை பச்சைப்பயறு ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆற ஆற வெளுத்துவிடும் என்று நம்பி மோல்டில் ஊற்றி, போர்வை போட்டு மூடினேன்.

மறுநாள் அக்கா பக்கத்தில் நிற்கிறாள், கத்தி இறங்குகிறது, உள்ளே அப்படியே குளத்துப் பாசி. அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "வாசனை நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். அந்த 'தான்' இருக்கிறதே! தாம்பூலப் பையில் கடைச் சோப்பு போனது. என்னுடைய 60-ம் பரண் மேல் ஏறியது.

செக்கடி

உங்களுக்கு எக்ஸ்ட்ரா வெர்ஜின், எனக்குப் பொமேஸ் ஆலிவ் எண்ணெய். விலை குறைவு, சீக்கிரம் கெட்டியாகும், ஸ்டிக் பிளெண்டரை இரண்டு நிமிடம் ஓட்டினால் போதும். அதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டேன். முதல் டின்னில் சோப்பு கொய்யா இலை நிறத்தில் வந்தது, அழகாக இருந்ததால் "இயற்கையான பச்சை, சாயம் இல்லை" என்று சொல்லியே விற்றேன். அடுத்த டின்னும் அதே பிராண்டு, அதே லேபிள், ஆனால் சோப்பு வெண்ணெய் நிறம். வாடிக்கையாக வாங்கும் ஒரு அம்மா பழைய துண்டையும் புதியதையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, "இதுல எதுப்பா டூப்ளிகேட்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் இருந்து கரைப்பான் ஊற்றி இறக்கி, சுத்திகரித்து, அதோடு கொஞ்சம் வெர்ஜின் எண்ணெயும் கலந்து விற்பதுதான் பொமேஸ். எவ்வளவு வெளுத்தார்கள், என்ன கலந்தார்கள் என்பதைப் பொறுத்து டின்னுக்கு டின் நிறம் மாறும். அந்த அம்மா அதன்பின் வரவில்லை.

லை_தராசு

@பரண்மேல்_சோப்பு தப்பு எண்ணெயில் இல்லை, போர்வையில். நானும் ஒருமுறை ஒரே எக்ஸ்ட்ரா வெர்ஜின் கலவையில் பாதியை மூடி வைத்தேன், பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். மூடியது அடர் பச்சை, ஃபிரிட்ஜில் வைத்தது வெளிறிய பிஸ்தா. என் கதை அவ்வளவுதான்.

இனி செய்பவர்களுக்குச் சொல்கிறேன். மூடினால் சோப்பு சூடேறி ஜெல் ஆகும் (கூழ் மாதிரி இளகும்), ஜெல் ஆனால் இருக்கிற நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். வெள்ளை வேண்டும் என்றால் லைத் தண்ணீரும் (காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர்) எண்ணெயும் நன்றாக ஆறிய பிறகு கலக்குங்கள், சின்ன மோல்டில் ஊற்றுங்கள், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு தூள் போடுவதாக இருந்தால் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துவிட்டுப் போடுங்கள், அப்படியே தூவினால் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். எண்ணெய் ரகம் மாறினால் காஸ்டிக் சோடா அளவு மாறுமா என்று கேட்பார்கள், மாறாது. எக்ஸ்ட்ரா வெர்ஜினோ லைட்டோ, ஒரு கிராம் எண்ணெய்க்குச் சுமார் 0.134 கிராம் காஸ்டிக்தான். மேலே சொன்ன 700/300-க்குத் தேங்காயையும் சேர்த்து 5 சதவீதம் சூப்பர்ஃபேட் (சோப்பாக மாறாமல் மிஞ்சும் எண்ணெய்) விட்டால் 141 கிராம் வரும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அலுமினியப் பாத்திரம் பக்கமே போகாதீர்கள், காஸ்டிக் பட்டால் பொங்கும், ஹைட்ரஜன் கிளம்பும். எடைத் தராசு...

செக்கடி

ஐயா, யாரும் கேட்கவில்லையே. என் முதல் டின் சோப்பும் ஃபிரிட்ஜில்தான் கிடந்தது, அப்போதும் கொய்யா இலை நிறம்தான். ஜெல் நிறத்தைக் கூட்டும், இல்லாத பச்சையைக் கொண்டுவராது. பச்சை எண்ணெயில் இருந்துதான் வருகிறது.

தோஹா_இரவுப்பணி

நான் சோப்பு செய்கிறவன் இல்லை. கூட வேலை செய்த சிரியாக்காரர் ஊருக்குப் போய் வந்தபோது ஒரு அலெப்போ சோப்பு கொடுத்தார், ஆலிவும் லாரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. வெளியே வெல்லக்கட்டி நிறம், மேலே அரபியில் முத்திரை. பழைய சரக்கு போல என்று நினைத்து முகத்தைச் சுளித்துவிட்டேன், அவரும் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் பேனாக் கத்தியை எடுத்து நடுவில் ஒரு வெட்டு. உள்ளே பச்சை, இலையைக் கிள்ளின மாதிரி! மாதக்கணக்கில் காயப்போடும்போது மேல்தோல் மட்டும் பழுப்பாகும், உள்ளே அப்படியே இருக்கும் என்றார். அந்த முகச்சுளிப்பு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

லாசப்பெல்_மருமகன்

என்னுடையது நேர் எதிர். பிரான்சின் மார்செய் நகரில் ஒரு கடையில் பச்சைக் கட்டி, வெள்ளைக் கட்டி இரண்டும் அடுக்கியிருந்தார்கள், இரண்டிலும் 72 சதவீதம் என்ற அதே முத்திரை. வெள்ளைதான் சுத்தமான சரக்கு என்று முடிவுசெய்து நாலு கட்டி வாங்கி, மாமியாருக்கு முகத்துக்குப் போட அனுப்பினேன். அடுத்த முறை போனபோது கடைக்காரம்மா சொல்கிறார், பச்சைதான் ஆலிவ், வெள்ளை பாமும் தேங்காயும், அதைத் துணி துவைக்க வாங்குவார்கள் என்று. 1688-ல் பதினான்காம் லூயி ஆட்சியில் மார்செய் சோப்புக்கு ஆலிவ் தவிர வேறு கொழுப்பு கூடாது என்று ஆணையே போட்டார்களாம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. முகம் பளிச்சென்று இருக்கிறது என்கிறார்.

ஈரக்கை

லைட் எண்ணெய் போட்டால் வெள்ளை வரும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், வரும். எனக்கும் பால்கோவா மாதிரி வந்தது. மலிவாகக் கிடைத்த பாட்டில், பெயர் வேண்டாம். மூன்றாவது மாதம் ஒரு சோப்பின் மூலையில் ஆரஞ்சுப் புள்ளி, மஞ்சள் கைபட்டிருக்கும் என்று துடைத்தேன், போகவில்லை. ஒரு வாரத்தில் தட்டு முழுக்கப் புள்ளி, சிக்குப்பிடித்த வாடை. ஆலிவோடு சூரியகாந்தி கலந்திருந்தார்களோ என்று இன்றுவரை சந்தேகம், அந்த எண்ணெய் அதிகமானால் இப்படிச் சீக்கிரம் கெடும். @லை_தராசு தயவுசெய்து கெடாமல் இருக்க ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட் போடு என்று ஆரம்பிக்காதீர்கள்.

லை_தராசு

சோடியம் சிட்ரேட்டும் போடலாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

பரண்மேல்_சோப்பு

தோஹாக்காரர் சொன்னதைப் படித்தபிறகு விட்ட பாதியையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் கழித்து, குழந்தை குப்புற விழ ஆரம்பித்த சமயம், தொட்டில் கம்பி எடுக்கப் பரண் மேல் ஏறினேன். ஜன்னல் பக்கம் வெயில் பட்ட வரிசை முழுக்கத் தந்த நிறம்! நான் கெஞ்சிக் கேட்ட அதே வெள்ளை. அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் கிடந்தவை மட்டும் கொஞ்சம் பச்சையாகவே இருந்தன. வெளுத்ததில் ஒன்றை அக்காவிடம் கொடுத்து இது எந்தச் சோப்பு தெரிகிறதா என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத அன்னைக்கே குடுத்திருக்கலாம்லடி" என்றாள்.