பப்பட்: இன்ஹெரிட் செய்த கிளாஸால் "டூப்ளிகேட் டிக்ளரேஷன்" பிழை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். பப்பட்டில் (சர்வர்களின் அமைப்பைத் தானாக நிர்வகிக்கும் கருவி) எஸ்எஸ்எச், அதாவது சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வசதிக்காக, அதே பெயரில் ஒரு கிளாஸ் (அமைப்புகளின் தொகுப்பு) எழுதியிருக்கிறேன். அதில் போர்ட் என்ற பாராமீட்டர் உண்டு, டீஃபால்ட் 22. பாஸ்டியன் சர்வருக்கு (வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான வாசல் சர்வர்) மட்டும் எஸ்எஸ்எச்::பாஸ்டியன் என்று இன்னொரு கிளாஸ். அது முதல் கிளாஸை இன்ஹெரிட் செய்து, கான்ஃபிக் ஃபைலின் மோடை (யார் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) 0600 ஆக மாற்றுகிறது. நோட் பிளாக்கில் (அந்த சர்வருக்கு எவை வேண்டும் என்று எழுதும் பகுதி) போர்ட் 2222 என்று கொடுத்து எஸ்எஸ்எச் கிளாஸை டிக்ளேர் செய்து, அதன் கீழே பாஸ்டியனை இன்க்ளூட் செய்திருந்தேன். நன்றாகவே ஓடியது. போன வாரம் பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று இன்க்ளூட் வரிகளை மேலே ஏற்றினேன். அதிலிருந்து, எஸ்எஸ்எச் கிளாஸ் ஏற்கெனவே டிக்ளேர் ஆகிவிட்டது என்று கேட்டலாக் (சர்வருக்காக பப்பட் தயாரிக்கும் இறுதிப் பட்டியல்) கம்பைல் ஆகாமல் நிற்கிறது. நான் ஒரு முறைதானே எழுதியிருக்கிறேன்? கோடைச் சோதிக்கும் பார்சர் வாலிடேட் கட்டளையும் பிழை எதுவும் சொல்லவில்லை.

பதில் 1:
இரண்டாவது முறை டிக்ளேர் செய்தது இன்ஹெரிட்ஸ் என்ற அந்தச் சொல்தான். பாஸ்டியனை இன்க்ளூட் செய்ததும் பப்பட் முதலில் தாய் கிளாஸை (இங்கே எஸ்எஸ்எச்) தானே டிக்ளேர் செய்துவிடும், டீஃபால்ட் மதிப்புகளோடு. அப்புறம் நீங்கள் போர்ட் கொடுத்து எழுதிய வரி வரும்போது "ஏற்கெனவே இருக்கிறதே" என்று மறுக்கிறது. முன்பு உங்கள் வரி மேலே இருந்தது; இன்ஹெரிட்ஸ் வரும்போது தாய் கிளாஸ் தயாராக இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டது. வாலிடேட் இலக்கணத்தை மட்டும்தான் பார்க்கும். இந்தப் பிழை கம்பைல் நேரத்தில்தான் தெரியும்.

வரிகளைப் பழையபடி மாற்றினால் ஓடும், ஆனால் நாளை வேறொருவர் தொட்டால் மறுபடி உடையும். இன்ஹெரிட்ஸ் வழியாகத் தாய் கிளாஸுக்குப் பாராமீட்டர் அனுப்ப வழியே இல்லை. போர்ட்டை ஹைராவில் (பாராமீட்டர் மதிப்புகளைத் தனி ஃபைல்களில் வைக்கும் பப்பட்டின் வசதி) வையுங்கள், நோடில் வெறும் இன்க்ளூட் போதும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பிழை போய்விட்டது. ஆனால் போர்ட் மறுபடி 22 என்றே வருகிறது. ஹைராவில் எஸ்எஸ்எச்::பாஸ்டியன்::போர்ட் என்று 2222 கொடுத்திருக்கிறேன்.

பதில் 1:
கீ தப்பு. போர்ட் எந்த கிளாஸின் பாராமீட்டரோ அந்தப் பெயரில்தான் ஹைராவில் தேடும். எஸ்எஸ்எச்::போர்ட் என்று மாற்றி, அந்த நோடின் ஃபைலிலேயே வையுங்கள். பொது ஃபைலில் வைத்தால் எல்லா சர்வருக்கும் போய்விடும். பப்பட் லுக்அப்பை எக்ஸ்ப்ளெயின் ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த ஃபைலில் தேடியது, எங்கே கிடைத்தது என்று வரிசையாகக் காட்டும்.

பதில் 2:
ஒரு மோடை மாற்றவா இவ்வளவு பாடு? மோடையும் எஸ்எஸ்எச் கிளாஸின் பாராமீட்டராக்கி ஹைராவில் கொடுத்துவிடுங்கள், பாஸ்டியன் கிளாஸே தேவைப்படாது. தாய் கிளாஸின் ரிசோர்ஸை (அந்த கான்ஃபிக் ஃபைல் போன்றவை) ஓவர்ரைட் செய்தே ஆக வேண்டும் என்றால் மட்டும்தான் நான் இன்ஹெரிட்ஸைத் தொடுவேன், அதுவும் ஒரே மாட்யூலுக்குள். இன்னொன்று: இது எஸ்எஸ்எச் போர்ட். நூப்பில் (எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டும் முறை) ஓட்டிப் பார்த்து, ஃபயர்வாலில் 2222 திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அப்ளை செய்யாதீர்கள். இருக்கிற செஷனையும் மூடாதீர்கள்.

கேட்டவர்:
கீயை மாற்றியதும் நூப்பில் 2222 தெரிந்தது. மோடையும் பாராமீட்டராக்கி, பாஸ்டியன் கிளாஸை நீக்கிவிட்டேன். ஃபயர்வாலில் 2222 உண்மையாகவே மூடித்தான் இருந்தது. திறந்த பிறகே அப்ளை செய்தேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.